ஐபு தெரிந்த அன்றே

நாகூர் மக்களே, வாங்குகிறவர்களே, விற்கிறவர்களே, சபர் போயிருக்கும் பிள்ளைகளே, கேளுங்கள். புதுச் செல்போனின் திரையில் ஒரு புள்ளி செத்துக் கிடக்கிறது. ஓரத்தில் பச்சைக்கோடு விழுகிறது. இருட்டில் பார்த்தால் பாதித் திரை நிறம் மாறித் தெரிகிறது. கண்டவர் என்ன செய்கிறார்? பெருநாள் முடியட்டும் என்கிறார். கந்தூரிக் கூட்டம் குறையட்டும் என்கிறார். சிங்கப்பூரிலிருந்து காக்கா வரட்டும் என்கிறார். ஆன்லைனில் வாங்கிய போனை மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம்தான். அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

நம் கரையோரத்தில் முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியான ஷாஃபி மத்ஹபு இதில் கண்டிப்பானது. வாங்கிய பொருளில் ஐபு, அதாவது குறை, இருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆனால் கண்டவுடன் கேட்க வேண்டும். தெரிந்தும் காரணமில்லாமல் தாமதித்தால் உரிமை போயிற்று. அரசாங்கச் சட்டம் இன்னும் இடம் தருகிறது. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, நாகப்பட்டினத்து ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு இருக்கிறதே என்று உறங்கிவிடாதீர்கள், என் மக்களே! நாலு மாதம் கழித்துப் போனால், "கீழே போட்டிருப்பீங்க, தண்ணி பட்டிருக்கும்" என்பார்கள். அதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கும்?

ஆகவே இன்றே பாருங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். குறை தெரிந்தால் வேறொரு போனில் வீடியோ எடுங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். தெரிந்த பையன் என்று தெருமுனைக் கடையில் பிரிக்கக் கொடுக்காதீர்கள். வாரண்டி அங்கேயே போய்விடும். சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் வாங்காமல் வெளியே வராதீர்கள். உங்கள் குறை அதில் உள்ளபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். செவி சாய்க்கவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேட்டால் கிடைக்குமா என்று மலைக்காதீர்கள். பச்சைக்கோடு விழுந்தவர்கள் ஊர் ஊராக முறையிட்டார்கள். 2023-இல் ஒன்பிளஸ் நிறுவனம் அப்படிக் கோடு விழுந்த சில மாடல்களுக்கு இந்தியாவில் ஆயுள் முழுதும் திரை வாரண்டி தந்தது. வாரண்டி வேலைகள் இழுபடுகின்றன என்று 2024-இல் தென்னிந்தியக் கடைக்காரர்களின் சங்கமே அந்த நிறுவனத்திடம் முறையிட்டது.

என் நெஞ்சைச் சுடுவது இன்னொன்று. கோடு விழுந்த போனைத் துடைத்து, உறை மாட்டி, கோடு மங்கும்படி வெளிச்சத்தைக் கூட்டி, விவரம் தெரியாத ஒரு பிள்ளையின் கையில் விற்றுவிடுகிறோமே, அது. தவறி விழுந்து கெட்ட போனைக் கம்பெனிக் குறை என்று பொய் சொல்லி மாற்றுகிறோமே, அதுவும்தான். நபிகள் நாயகம் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டார்கள், உள்ளே ஈரம். மழை பட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இது நெல் விளையும் பூமி. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மூட்டையைத் திருப்பினால் எத்தனை விவசாயி கலங்கி நிற்கிறார்! நம் நெல்லுக்கு அத்தனை கணக்கு இருக்கும்போது, நாம் விற்கும் திரைக்குக் கணக்கு இல்லையா? இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும் கேள்வி ஒன்றுதான்: தெரிந்தும் ஏன் மறைத்தாய்?

பழைய போனை விற்கிறீர்களா? குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். முன்பே மறைத்து விற்றிருந்தால், வாங்கியவரைத் தேடிப்போய்ப் பணத்தைக் கொடுங்கள். அவரும் நீங்களும் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள். புதுப் போனில் குறை கண்டவரே, இன்று அஸர் தொழுகை முடிந்ததும் பில்லோடு கடைக்குப் போங்கள். கடைக்காரரே, அவர் வந்து நின்றால் "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.