அண்டை வீடும் அறமும்

மாற்றல் ஆணை கைக்கு வந்த அன்று அரசு ஊழியன் வீட்டில் எழும் முதல் வினா, புதிய அலுவலகம் எத்தகையது என்பதன்று. எங்கே வீடு பார்ப்பது என்பதே. மணமாகாதவனுக்கு இது வெறும் வாடகைக் கணக்கு. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தந்தைக்கோ அக்கணக்கோடு முடிவதில்லை. தமிழகத்திலிருந்து மும்பைக்குக் குடும்பத்தோடு வருகின்றவரிடம் ஆளுக்கோர் இடத்தைச் சொல்வார்கள். மாட்டுங்கா என்பார் ஒருவர். செம்பூர் என்பார் இன்னொருவர். அங்கெல்லாம் கட்டுப்படியாகாது, முலுண்டு, டோம்பிவிலி, வாஷி என்று தள்ளிப் பாருங்கள் என்பார் மற்றொருவர். எல்லா அறிவுரைகளுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றே: குழந்தைகளுக்கு நல்ல சூழல் வேண்டும். அந்த ‘நல்ல சூழல்’ என்னும் இரண்டு சொற்களுக்குள் ஓர் அறச்சிக்கல் அடங்கியிருக்கிறது. அதனைச் சற்றே அவிழ்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சூழல் மனிதனை ஆக்கும் என்பது நம் முன்னோர் ஐயமின்றிக் கண்ட உண்மை. திருவள்ளுவர் ‘சிற்றினம் சேராமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். சேர்ந்த நிலத்தின் இயல்பை நீர் ஏற்பது போல, சேர்ந்த இனத்தின் இயல்பை மனித அறிவு ஏற்கும் என்பது அவர் காட்டும் உவமை. புறநானூற்றில் பிசிராந்தையார், ஆண்டுகள் பல கடந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுகின்றபோது, தம் மனைவி மக்களின் பண்பையும் அரசனின் செங்கோன்மையையும் சொல்லிவிட்டு, இறுதியாகத் தாம் வாழும் ஊரில் சான்றோர் பலர் இருப்பதைச் சொல்கின்றார். நல்ல அண்டை வீட்டார் நரையையும் தள்ளிப் போடுவர் என்றால் அதனினும் மேலான பேறு வேறென்ன?

சீன நாட்டுக் கதை ஒன்றும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. மென்சியஸ் என்னும் பேரறிஞர் சிறுவராக இருந்தபோது அவருடைய தாய் இடுகாட்டின் அருகே குடியிருந்தாராம். சிறுவன் பிணம் புதைக்கும் சடங்கையே விளையாட்டாக ஆடினான். தாய் கடைத்தெருவுக்குக் குடிபெயர்ந்தார். சிறுவன் கூவி விற்பவனைப் போல நடிக்கலானான். மூன்றாவதாக ஒரு பள்ளியின் அருகே குடியேறினார். சிறுவன் வணக்க முறைகளையும் மரியாதைகளையும் விளையாட்டாகப் பயின்றான். ‘இதுவே என் மகனுக்கு ஏற்ற இடம்’ என்று தாய் அங்கேயே தங்கிவிட்டார். ஈராயிரம் ஆண்டுகளாகச் சீனர் போற்றும் தாய்மைக்கு இக்கதை ஓர் எடுத்துக்காட்டு.

இன்றைய ஆராய்ச்சியும் அத்தாயின் பக்கமே நிற்கிறது. அமெரிக்க அரசு 1994இல் ஐந்து பெருநகரங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வறுமை மிகுந்த குடியிருப்புகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,600 குடும்பங்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவித்தொகை அளித்தது. தமிழ்க் குடும்பத்தில் புது டில்லியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய தோழர்களும் அக்குழந்தைகளின் பிற்கால வாழ்வை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். பதின்மூன்று வயதுக்கு முன் அவ்வுதவியால் இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் மற்றவரைக் காட்டிலும் 31 விழுக்காடு மிகுதியாக ஈட்டினர். அந்த வயதைக் கடந்த பின் இடம் மாறியவர்க்கு அப்பயன் கிட்டவில்லை. ஆகவே, இளங்குழந்தையின் பெற்றோர் வீடு பார்ப்பதில் காட்டும் கவலை வீண் கவலையன்று. அது அவர்தம் கடமை.

கடமை என்பதை ஒப்புக்கொண்டோம். இனி வினா யாதெனில், எத்தகைய இடம் நல்ல இடம்?

மும்பையில் வீடு தேடுகின்ற தமிழர் வாய்விட்டுக் கேட்பவை மூன்று. பள்ளி அருகில் உள்ளதா? அலுவலகம் எவ்வளவு தொலைவு? நம் மொழியும் உணவும் கோயிலும் கிடைக்குமா? இம்மூன்றும் நேர்மையான வினாக்கள். டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகத்துக்கு ஒருவழிப் பயணமே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். குழந்தை விழிக்குமுன் புறப்பட்டு, அது உறங்கிய பின் வீடு திரும்பும் தந்தை, எவ்வளவு காற்றோட்டமான வீட்டைக் கொடுத்தும் தம்மைக் கொடுக்க இயலாதவராகிறார். அவ்வாறே, ஊரிலிருந்து உடன் வந்த பாட்டி பேச ஒரு துணையுமின்றி நான்கு சுவருக்குள் அடைபட்டால், அந்த வீட்டுக் குழந்தைக்குத் தாய்மொழியின் இனிமை எங்ஙனம் வாய்க்கும்?

இவ்வினாக்களுக்கெல்லாம் விடையாக மாட்டுங்கா நெடுங்காலம் விளங்கிற்று. வாழையிலையும் முருங்கைக்காயும் தொடுத்த மல்லிகையும் விற்கும் சந்தை, மார்கழி பஜனை, இலை போட்டுச் சோறிடும் உணவுச்சாலை, நடந்து செல்லும் தொலைவில் பள்ளியும் கல்லூரியும் என்று எல்லாம் இங்கு உண்டு. ஆனால், இவை முதலில் வந்தவர்க்கு ஆயத்தமாகக் காத்திருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. நெருக்கமான பழைய நகரைச் சீர்செய்ய 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. தாதரும் மாட்டுங்காவும் அதன் திட்டத்தில் உருவான புறநகர்ப் பகுதிகள். அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் பணியாற்ற வந்த தென்னாட்டார் இங்குப் புதிய அடுக்கு வீடுகளில் குடியேறினர். வந்தவர்கள் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தனர். 1952இல் சண்முகானந்த சபையைக் கண்டனர். 1963இல் அதன் பெரிய அரங்கத்தை எழுப்பினர். 1990இல் தீ அதனை அழித்தபோதும் சோர்வுறாமல் 1998இல் மீண்டும் திறந்தனர். நல்ல ஊரை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, உண்டாக்கினார்கள்.

இங்கேதான் நான்காவது வினா வருகிறது. அது வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. குரலைத் தாழ்த்தியே கேட்கப்படும். ‘அங்கே குடியிருப்பவர்கள் யார்? நம்மவர்களா?’ இந்த ‘நம்மவர்’ யார் என்று ஆராய்ந்தால் சில நேரங்களில் அது மொழியைக் குறிக்கும். பல நேரங்களில் சாதியையும் வருவாயையும் குறிக்கும். மாட்டுங்கா நிலையத்திற்கு அப்பால், நடந்தே செல்லும் தொலைவில் தாராவி தொடங்குகிறது. அதன் ஒரு பகுதிக்கு ‘மாட்டுங்கா லேபர் கேம்ப்’ என்றே பெயர். தலைமுறைகளுக்கு முன்பே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர் தாராவியில் வாழ்கின்றனர். தமிழ் உணர்வு வேண்டும் என்று மாட்டுங்காவில் வீடு தேடுகின்ற தந்தை, தம் மகன் தாராவித் தமிழ்ச் சிறுவனோடு பந்தாடுவதை விரும்புவாரா? மும்பை மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளிகளில் பயில்வோர் பெரும்பாலும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. தமிழுக்காக நம்மவரை நாடுகிறோம் என்று சொல்லும் நாம், தமிழில் படிக்கும் பிள்ளைகளை நம்மவராக எண்ணுவதில்லை.

இதற்குச் ‘சிற்றினம் சேராமை’ என்ற அதிகாரத்தையே சிலர் துணைக்கழைப்பதுண்டு. அது வள்ளுவருக்கு இழைக்கும் அநீதி. சிற்றினம் யாதென விளக்க வந்த பரிமேலழகர், நல்லதன் நன்மையையும் தீயதன் தீமையையும் இல்லையென்பாரையும் ஒழுக்கம் கெட்டவரையும் சுட்டினாரேயன்றி, ஏழையையோ கைத்தொழில் செய்வானையோ சுட்டவில்லை. சிறுமை மனத்தில் உள்ளது, குடிசையில் இல்லை. வரி ஏய்ப்பதைத் திறமையென்று மகனுக்குக் கற்பிக்கும் மாடி வீட்டாரும் சிற்றினமே.

மேலும், ‘நம்மவர் அல்லர்’ என்னும் சொல்லின் கசப்பை மும்பைத் தமிழர் அறியாதவரல்லர். 1966இல் சிவசேனை தோன்றியபின், அலுவலகங்களில் பணியாற்றிய தென்னாட்டாரை நோக்கி எழுந்த எதிர்ப்பு முழக்கங்கள் பலருக்கு நினைவிருக்கும். அந்நாட்களில் தமிழர் ஒருங்கே வாழ்ந்தது பாதுகாப்பாகவும் அமைந்தது. அதனைக் குறை கூற இயலாது. எனினும், நம்மை அளந்த கோலைக் கொண்டே நாம் பிறரை அளப்பது முறையாகுமா?

‘நான் ஒருவன் என் விருப்பம் போல ஓரிடத்தைத் தேர்ந்தால் யாருக்கு என்ன தீங்கு?’ என்று கேட்கலாம். இதற்கு தாமஸ் ஷெல்லிங் என்னும் பொருளியல் அறிஞர் விடை கண்டார். சதுரக் கட்டங்களில் இருவகை நாணயங்களைப் பரப்பினார். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு சிறு விருப்பம் மட்டும்: அக்கம் பக்கத்தில் ஒரு பகுதியாவது தன் வகையாக இருக்க வேண்டும். இல்லையேல் இடம் மாறலாம். வேற்று வகையை எந்த நாணயமும் வெறுக்கவில்லை. எனினும் சில சுற்றுகளில் பலகை முழுவதும் இரண்டாகப் பிரிந்து போயிற்று. 1971இல் வெளியான இக்கருத்து நமக்கு உணர்த்துவது பெரிது. எவரும் விரும்பாத பெரும் பிரிவினையைச் சிறு விருப்பங்களே கூடிக் கட்டிவிடும். ஒரு குடும்பத்தின் தேர்வு ஒரு செங்கல். செங்கற்கள் கூடினால் சுவர்.

சுவரின் மறுபுறம் இருப்பவர் இழப்பது என்ன? அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்டோரின் நட்புறவுகளை ஆராய்ந்து ராஜ் செட்டியின் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வசதியுள்ளோரும் இல்லாரும் நண்பர்களாகப் பழகும் ஊர்களில் ஏழைக் குழந்தைகள் வளர்ந்து முன்னேறும் வாய்ப்பு மிகுதி. எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்தத் தேர்வை எப்படி எழுதுவது என்பன போன்றவற்றை ஏழைச் சிறுவன் பெரும்பாலும் நண்பன் வீட்டுத் திண்ணையிலேயே அறிகிறான். அந்த நண்பன் வேறிடம் போய்விட்டால் அத்திண்ணையும் போய்விடுகிறது.

இப்போது அந்தச் சீனத் தாயின் கதையை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். இடுகாட்டின் அருகே வேறு குழந்தைகள் இல்லையா? வெட்டியானின் மகன் எந்தப் பள்ளியின் அருகே குடிபோனான்? கதை அவனைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மகனுக்கு அது நிறைவான கதை. ஓர் ஊருக்கு அது பாதிக் கதை.

அப்படியாயின், கொள்கைக்காகப் பெற்ற பிள்ளையைப் பலியிடுவதா? கூடாது. தந்தையின் நற்பெயருக்கு விலையாகச் செலுத்தப்படும் நாணயமன்று குழந்தை. தூய குடிநீர், அச்சமின்றி ஓடியாடும் இடம், ஒழுங்காக நடக்கும் பள்ளி, இரவு உணவுக்கு வீடு திரும்பும் பெற்றோர் ஆகிய இந்நான்கிலும் விட்டுக்கொடுக்க எவரையும் கேட்க இயலாது. இவை தேவை. இவற்றைக் கடந்து, ‘இன்னார் மட்டுமே இருக்கும் இடம்’ என்று தேடுவது தேவையன்று, அது வேலி. தேவைக்கும் வேலிக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வதே இதில் அறம்.

மத்திய அரசு ஊழியர்களாகிய எங்களுக்கு ஒருவகையில் இச்சோதனை குறைவு. அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடு என்று 2024 ஜனவரி முதல் உயர்ந்த வீட்டு வாடகைப் படி, 35,400 ரூபாய் அடிப்படை ஊதியக்காரருக்கு 10,620 ரூபாய் ஆகும். அதற்கு மாட்டுங்காவில் ஒரு குடும்பத்துக்கேற்ற வீடு அமைவது அரிது. ஆகவே ஆண்டாப் ஹில் போன்ற அரசுக் குடியிருப்புகளில் வரிசையில் காத்திருந்து, ஒதுக்கிய வீட்டை ஏற்கிறோம். எதிர்வீட்டில் வங்காளியா, மராட்டியரா, பஞ்சாபியா என்பதை ஒதுக்கீட்டுப் பட்டியல் கேட்பதில்லை. அங்குள்ள குழந்தைகள் மாடிப்படிகளிலேயே மூன்று மொழிகளைக் கற்றுவிடுகிறார்கள். எனினும், முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று ஊதியத்தின்படி கட்டடங்கள் அங்கும் பிரிந்தே நிற்கின்றன. மொழி வேலியை அகற்றிய அரசு பதவி வேலியை நட்டுவைத்தது. அதையும் தாண்டுவோர் மாலையில் திடலில் கூடும் சிறுவர்களே.

தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாதவர்களும் உளர். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாக மெய்ப்பிப்போர்க்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மற்றவர் வேறிடம் செல்ல வேண்டும் என்பது விதி. ஒரே சந்தில் ஒன்றாக வளர்ந்த குழந்தைகளை ஒரு காகிதத்தின் நாள் பிரிக்கும். அவர்களை எவரும் ‘உங்கள் பிள்ளைக்கு எந்தச் சூழல் வேண்டும்?’ என்று கேட்கப்போவதில்லை. தேர்வுரிமை பெற்றவரின் பொறுப்பு இங்கேதான் மிகுகிறது.

ஆதலின், வீடு தேடும் பெற்றோர் ஒரு வினாவை மாற்றிக் கேட்டுக்கொள்ளட்டும். ‘என் பிள்ளைக்கு எத்தகைய அண்டை வீட்டார் கிடைப்பர்?’ என்பதோடு, ‘என் பிள்ளையும் நானும் எத்தகைய அண்டை வீட்டாராக இருப்போம்?’ என்றும் கேட்கட்டும். முன்னதற்கு விடை தரகரிடம் உண்டு. பின்னதற்கு விடை நம்மிடமே உண்டு. குடியேறிய ஊரின் மொழியாகிய மராட்டியைப் பிள்ளையோடு சேர்ந்து நாமும் பிழையறக் கற்கலாம். நம் சங்கங்கள் நடத்தும் பேச்சுப் போட்டியிலும் குறள் ஒப்புவித்தலிலும் மாட்டுங்காப் பிள்ளையும் தாராவிப் பிள்ளையும் ஒரே மேடையில் நிற்கச் செய்யலாம். பிறந்தநாள் விழாவுக்கு அழைக்கும் பட்டியலில், கட்டடத்துக்கு வெளியேயுள்ள இரண்டு பெயர்களைச் சேர்க்கலாம். சிறியவைதாம், ஆனால் சுவரும் சிறு செங்கற்களால் ஆனதே.

புறநானூற்றில் பிசிராந்தையாரின் பாட்டு 191ஆவது. எல்லா ஊரையும் தம் ஊராகவும் எல்லா மக்களையும் தம் உறவாகவும் கண்ட கணியன் பூங்குன்றனாரின் பாட்டு 192ஆவது. சான்றோர் நிறைந்த ஊரை விரும்புவதும், எவ்வூரையும் தன்னூராக ஏற்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்னதை மட்டும் படித்தவன் நல்ல ஊரைத் தேடி அலைவான். இரண்டையும் சேர்த்துப் படித்தவன், தான் குடியேறிய ஊருக்கு ஒரு சான்றோனைக் கூட்டுவான். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் வீட்டினும் பெரிய சொத்து அதுவேயாகும்.