சத்தம் வரவில்லையா? கழற்று!

"எனக்குக் கைவேலை வராது" என்று உனக்கு யார் சொன்னது? கத்தியே பிடித்திராத கையைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? உனக்கே தெரியாது!

நார்வேயிலும் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் பனி உருகி வசந்தம் வந்ததும், பிள்ளைகள் வில்லோ மரத்தைத் தேடிப் போவது காலங்காலமான வழக்கம். கட்டைவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில், கணு இல்லாத நேரான கிளை. கையில் ஒரு பேனாக்கத்தி. அவ்வளவுதான், ஒரு விசில் பிறந்துவிடும்.

வாய் வைக்கும் முனையைச் சாய்வாகச் சீவு. கத்தி எப்போதும் உன்னைவிட்டு விலகியே ஓடட்டும். இரண்டு விரற்கடை தள்ளி மேல்பக்கத்தில் நேராக ஒரு வெட்டு. எதிர்ப்புறமிருந்து அதை நோக்கிச் சரிவாக இன்னொன்று. பாதிக்கு அப்பால் பட்டையைச் சுற்றி ஒரு வளையம் கீறு. இனி கத்தியின் பிடியால் பட்டையைத் தட்டு. மெல்லத் தட்டு, சுற்றிச் சுற்றித் தட்டு. வசந்தத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இளந்திசு வளர்கிறது, சாறு ஏறுகிறது, பட்டையின் பிடி தளர்கிறது. அவசரப்பட்டுத் திருகினால் கிழிந்துவிடும். சளைக்காமல் தட்டியவனுக்கோ ஒரே திருகலில் முழுக்குழாயாக வழுக்கி வரும். இப்படித் தட்டும்போது பாடவென்றே ஸ்காண்டிநேவியாவில் பாட்டுகள் உண்டு. பொறுமைக்கே பாட்டுக் கட்டிய மக்கள்!

உரிந்த கட்டையில் வாய்முனையிலிருந்து வெட்டு வரை மேலாக ஒரு மெல்லிய சீவல் எடு; அது காற்றின் வழி. வெட்டுக்கு அப்பால் குடைந்து பள்ளமாக்கு. கட்டையை நனைத்துப் பட்டையை மறுபடி மாட்டு. ஊது.

வரவில்லையா?

இங்கேதான் உன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும். "எனக்கு ராசியில்லை" என்று எறியப் பார்க்கிறாய். எறியாதே! அது ஊமையாய் இருப்பதற்கு உன் பிறப்போ படிப்போ காரணமில்லை. காற்று வழி அகன்றிருக்கும். பட்டை எங்காவது வெடித்துக் கசியும். அல்லது விளிம்பு மழுங்கியிருக்கும். மெல்லிய காற்றுத் தாரை அந்த விளிம்பில் மோதி, நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கினால்தான் கீச்சென்று ஒலிக்கும். தவறு நூலளவு இடத்தில் இருக்கிறது. நீயோ உன் வாழ்க்கையே தவறு என்கிறாய்! கழற்று. பார். சீவு. மாட்டு. ஊது.

பின்லாந்தில் உனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால், 1866-இல் மக்கள் பள்ளிகளில் கைவேலை பாடமாகவே நுழைந்தது. மரத்தைச் செதுக்கும் பிள்ளை தன்னையும் செதுக்கிக்கொள்கிறது என்று நம்பினார்கள். நானும் அதை முழுமனதாக நம்புகிறேன்.

ஒலித்ததும் நின்றுவிடாதே. பள்ளத்தை நீட்டினால் சுருதி இறங்கும், குறுக்கினால் ஏறும். நார்வேயின் நீண்ட வில்லோக் குழலில் விரல் துளையே கிடையாது; ஊதும் வேகத்தை மாற்றி, கடைமுனையை விரலால் மூடித் திறந்தே முழுப்பாட்டையும் வாசிக்கிறார்கள். உன்னிடம் இல்லாததை எண்ணி இனியும் உட்கார்ந்திருப்பாயா?

நம் பக்கம் வில்லோ இல்லை என்று சாக்குச் சொல்லாதே. மூங்கில் இருக்கிறது! ஒரு முனையைக் கணுவே அடைத்துத் தந்திருக்கிறது. மறுமுனைக்கு ஒரு மர அடைப்பு செதுக்கு, அதன் மேல்பக்கத்தைத் தட்டையாகச் சீவு, அடைப்பு முடிகிற இடத்தில் குழாயின் மேல் வாய் வெட்டு. "இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். வாதாடாதே. அடைப்பில் இன்னும் ஓர் இழை சீவு, மறுபடி ஊது!