மிச்சம் பிடித்த காசு

குறைந்த செலவில் மலை பார்த்துவிட்டு வருவதில் இப்போது ஒரு பெருமை சேர்ந்திருக்கிறது. முதுகில் ஒரு பை, ஒரு மாற்றுத்துணி, கிடைத்த பஸ். சின்னமனூரில், மேகமலையின் ஹைவேவிஸுக்குப் போகிற பஸ்ஸுக்காக அப்படிக் காத்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் மிச்சம் பிடித்த அந்தக் காசு யார் கணக்கில் ஏறுகிறது என்ற கேள்வியும் கூடவே வரும்.

தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். நமக்கு அது சுற்றுலாப் பாதை. மணலாறு, மகாராஜா மெட்டு, இரவங்கலாறு என்று எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கோ சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி எல்லாம் அந்த பஸ்தான். சீட்டுக்கு அடியில் வெங்காய மூட்டை, டிரைவர் பக்கத்தில் முட்டை அட்டை. ஒருமுறை சீட்டில் பாதியைத் தன் பைக்குக் கொடுத்துவிட்டு ஜன்னலில் மெய்மறந்திருந்தான் ஒரு பையன். கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களோடு ஒரு அம்மா கம்பியைப் பிடித்து நின்றார். “ஏந்தம்பி, மூட்டைக்கும் டிக்கெட் எடுத்துட்டீங்களா?” என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். பையன் பதறிப்போய்ப் பையை மடிக்கு மாற்றினான். நல்ல பையன்தான், அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

காசில்லாமல் மலை ஏறுவது இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை. கம்பம் மெட்டும் போடி மெட்டும் ஏலத்தோட்டக் கூலிகள் ஏறி இறங்கிய வழிகள். இன்றும் விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கேரளத் தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். அந்தச் சிக்கனப் பயணத்துக்கு அவர்கள் பெயரெல்லாம் வைக்கவில்லை. சித்ரா பௌர்ணமி அன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப் கிடைக்கும். பளியன்குடி வழியாக நடந்தே ஏறுகிறவர்களும் உண்டு. மிச்சமாகிற ஜீப் வாடகைக்கு ஈடாக அவர்கள் கொடுப்பது சொந்தக் கால்களையும் சொந்தப் பொழுதையும். அந்தச் சிக்கனத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் குறை சொல்கிற சிக்கனம் வேறு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிவர முதலில் ஓடியவர்களில் அடிவாரத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். மலையில் எது நடந்தாலும் முதல் ஆளாக ஓடவேண்டியவர்கள் அவர்கள்தான். அனுமதிக் கட்டணத்தையும் வழிகாட்டியின் கூலியையும் வீண்செலவு என்கிறவர்களோடு அதனாலேயே எனக்கு ஒத்துப்போவதில்லை. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. கெடுபிடி இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்று, சின்ன விஷயம். ஹைவேவிஸ் டீக்கடைக்குச் சீனியும் முட்டையும் அடிவாரத்திலிருந்து ஏற்றுக்கூலி கொடுத்து வருகின்றன. சின்னமனூர் விலைக்கு அங்கே ஆம்லெட் கேட்டுப் பேரம் பேசினால் கடைக்காரர் கொடுத்துவிடுவார். கூட்டமில்லாத நாளில் அவருக்கு வேறு வழியில்லை.