கருவியும் கரணமும்

நாள்தோறும் தன் கையால் தொடுகின்ற கருவி ஒன்றை ஒருவன் ஆராய்ந்து தேர்ந்து, அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து, அதன்மீது அன்பும் கொள்வானாயின், அந்த அன்பைப் பாசம் என்று தள்ளுவதா, சாதனத்தின் ஓர் அங்கம் என்று கொள்ளுவதா என்னும் வினா, சைவ சித்தாந்தத்தைப் பாடங் கேட்ட பரம்பரையில் வந்த யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. ஏரையும் எழுத்தாணியையும் முன்னிட்டு எழுந்திருக்கக்கூடிய அவ்வினாவைக் கணினியின் விசைப்பலகையை முன்னிட்டு ஆராயப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களின் விரல்கள் இன்று விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதியை அப்பலகையின் மேலேயே கழிக்கின்றன. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று போற்றப்படும் ஆர். முத்தையாவோ இந்தக் குடாநாட்டிலே, சுண்டிக்குளியிலே, 1886ஆம் ஆண்டு பிறந்தவர்.

இளம் வயதில் மலாயாவுக்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரிலே வர்த்தக நிறுவனமொன்றில் உத்தியோகம் பார்த்த முத்தையா, ஆங்கிலக் கடிதங்கள் பொறியிலே அழகாக அச்சாகி வருவதைக் கண்டு, தமிழுக்கு இது இயலாதோ என்று ஏங்கியதோடு நின்றுவிடவில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளுக்குள் அடக்குவது எங்ஙனம் என்பதே அவர் முன் நின்ற பிரச்சினை. ஆங்கிலப் பொறியின் இயல்பு, ஒரு விசையை அழுத்தியவுடன் காகிதம் தாங்கிய உருளை ஓர் எழுத்தின் அகலம் நகர்ந்துவிடுதல். நமது புள்ளியோ எழுத்தின் தலைமேலே அமர வேண்டியது. உருளை நகர்ந்துவிட்டால் அது வெற்றிடத்திலே விழும். ஆகவே அழுத்தினாலும் உருளையை நகர்த்தாத விசையை, ‘நகரா விசை’ என்று பின்னாளில் வழங்கியதனை, அவர் தமிழுக்குப் பொருத்தினார். முதலிற் புள்ளி விழும். உருளை அசையாது நிற்கும். அதன்பின் மெய்யெழுத்து வந்து புள்ளியின் கீழே அமரும். முதல் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில், ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அன்ட் நௌமன் தொழிற்சாலை அவர் வகுத்தபடி பொறிகளை வார்த்துக் கொடுத்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க ‘பிஜோ’ என்னும் சிறு பொறியும் அவற்றுள் ஒன்று.

அவர் வகுத்த கிரமம் அவருடைய இரும்புப் பொறிகளோடு மறைந்துவிடவில்லை. அவருடைய பெயரைக்கூடக் கேட்டறியாத பிள்ளைகள், தட்டச்சுப் பொறியைக் கண்ணாற் கண்டிராதவர்கள், யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் ‘பாமினி’ எழுத்துருவிலே தட்டுகின்றபோது, இடக்கை விரல்கள் ய, ள, ன, க என்பவற்றின் மேலும் வலக்கை விரல்கள் த, ம, ட, புள்ளி என்பவற்றின் மேலும் தாமாகவே சென்று அமர்கின்றன. இலங்கையிலே நியமமாகக் கொள்ளப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சு மரபைத் தழுவியதே. நம் சாத்திரங்கள் வாசனை என்று சொல்வது, செய்த செயல் அடங்கிய பின்னும் செய்தவனிடத்திலே தங்கி, மறுபடியும் அவ்வழியே அவனைச் செலுத்தும் சூக்குமமான பழக்கத்தை. ஓர் உயிரிலே தங்குவதாகச் சொல்லப்படும் அவ்வாசனை, இங்கே ஒருவர் சிந்தனையிலிருந்து பல்லாயிரவர் விரல்களுக்கு ஒரு பலகையின் வழியாக இறங்கியிருப்பதைக் காணும்போது, கருவி சடம், அதற்கு நம்மோடு ஒரு சம்பந்தமும் இல்லை என்று எளிதிற் சொல்லிவிட முடியவில்லை.

சித்தாந்தம் அப்படிச் சொல்லவும் இல்லை. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்பது மெய்கண்டார் மரபின் உயிர்நாடியான கொள்கை. ஆணவ இருளிலே அழுந்திக் கிடக்கும் உயிருக்குத் தனு என்னும் உடலும் கரணம் என்னும் உட்கருவியும் புவனம் என்னும் உலகும் போகம் என்னும் நுகர்பொருளும் மாயையிலிருந்து தோற்றுவித்துக் கொடுக்கப்படுகின்றன. அவை விடியும் வரைக்கும் உதவுகின்ற விளக்கு என்று ஆசாரியர்கள் உவமித்தார்கள். மாயையும் உயிரைப் பிணிக்கும் மலமே, ஆயினும் அதுவே உபகாரி. கருவிகளைப் பற்றி இதைவிட நிதானமான நிலைப்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. விளக்கைச் சூரியன் என்று எண்ணி வணங்குவதும் பிழை; இருட்டிலே அமர்ந்துகொண்டு விளக்கு வேண்டாம் என்பதும் பிழை. பந்தம் பொருளிலே இல்லை, ‘எனது’ என்னும் பிடிப்பிலே இருக்கிறது.

இனி, பலகையின் உள்ளமைப்பைப் பார்ப்போம். இன்று மலிவாக விற்கப்படும் பலகைகளில் விசையின் கீழே றப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். அதனை அடிவரைக்கும் நசுக்கினாலன்றி எழுத்துப் பதிவது பெரும்பாலும் நிச்சயமில்லை. இயந்திர விசைப்பலகை என்று வழங்கப்படுவதிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே ஒரு சுருள்வில் உண்டு. 1985இலே ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ‘மொடல் எம்’ இவ்வகையில் இன்றும் பேர்பெற்றது. அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்ததும் வில் பக்கவாட்டிலே மடிகிறது. மடிந்த வேகத்தில் அடியிலுள்ள சிறு தகட்டைச் சாய்க்கிறது. அதனாலேயே மின்தொடர்பு உண்டாகிறது. விரல் உணரும் நெகிழ்வும், காதில் விழும் ஒலியும், எழுத்துப் பதிவதும் ஒரே க்ஷணத்து ஒரே நிகழ்ச்சியின் மூன்று முகங்கள். ஜேர்மனியின் செரி நிறுவனத்தார் அதே பத்தாண்டிலே தொடங்கி வெளியிட்டுவரும் விசைகளிலே நீலம் ஒலியும் தடையும் உடையது, கபிலம் தடை மாத்திரம் உடையது, சிவப்பு இரண்டும் இல்லாதது. விசை நான்கு மில்லிமீற்றர் வரை இறங்கும். எழுத்தோ ஏறத்தாழ இரண்டிலேயே பதிந்துவிடும். வேண்டிய அளவுக்குமேல் வலிமையைச் செலுத்தாத நிதானத்தை விரல் நாளடைவிலே கற்றுக்கொள்ளுகிறது. கையின் நிதானம் நெஞ்சுக்கும் சிறிது எட்டுகிறது என்பது என் அனுபவம். சிவப்பைவிடக் கபிலத்தையே நான் விரும்புவதற்கும் இதுவே காரணம்: தடை இருக்குமிடத்திலே கவனம் தங்குகிறது.

பழைய தட்டச்சுப் பொறிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஒன்று சித்தாந்த மாணவனுக்கு மிகவும் பிரயோசனமானது. முத்தையாவின் பொறியிலே ‘ம’ என்னும் எழுத்து உலோகக் கோலின் நுனியிலேயே வார்க்கப்பட்டிருந்தது. அந்த விசையைத் தனியே அழுத்தினால் ‘ம’ தவிர வேறொன்றும் வராது. செயலும் பயனும் அங்கே ஒன்று. கணினியின் விசையோ தான் எந்த எழுத்து என்பதை அறியாது. அழுத்தும்போது அது ஓர் எண்ணை மாத்திரம் உள்ளே அனுப்புகிறது. அவ்வெண்ணை ஆங்கிலக் ‘கே’ என்று கொள்ளுவதா, ‘ம’ என்று கொள்ளுவதா என்பதை நிச்சயிப்பது கணினிக்குள் உள்ள வேறோர் ஏற்பாடு. வினை சடமாதலின் அது தானே தன்னைச் செய்தவனைத் தேடிச் சென்று பயனை ஊட்டமாட்டாது, ஊட்டுவிப்பான் ஒருவன் வேண்டும் என்று, வினையே தன் பயனைத் தரும் என்னும் மீமாம்சகரை மறுத்து நம்மவர் நாட்டும் வாதத்தை இளைஞர் மனத்திலே பதிய வைக்க இவ்விசை உதவும். எண்ணுக்குப் பொருள் கொள்ளும் அவ்வேற்பாடும் சடமே ஆதலால், ஒப்புமையை அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும்.

கருவியினிடத்திலே கொள்ளும் அன்பு எவ்விடத்திலே திரிந்து ஆசையாகிறது என்பதும் இப்பலகைகளிலே நன்கு தெரிகிறது. ஒன்றை வாங்கியவன் ஒலி போதாதென்று மற்றொன்றை வாங்குகிறான். பின்னர் விசைகளின் மூடிகளை நிறம் மாற்றுகிறான். எழுதுவதற்கென்று வாங்கியவன் எழுத்தை மறந்து பலகைகளைச் சேர்க்கிறான். எழுத்தின் பொருட்டு ஒரே பலகையோடு பல ஆண்டுகள் வாழ்பவனிடத்தில் இத்திரிபு குறைவு. கடற்காற்றின் உப்பும் செம்மண் தூசியும் உலோகத்தை அரிக்கும் நம் ஊரிலே அவன் மூடிகளைக் கழற்றித் துடைக்கிறான். விசைகளின் அச்சு தேய்ந்து எழுத்து மறைந்த பின்னும் அவன் விரல்கள் வழி தவறுவதில்லை.

கருவியைப் பற்றாகக் கொள்ளாது உபகாரியாகக் கொள்ளலாம் என்பதற்கு நமது ஊரின் சரித்திரமும் சான்று. பாதிரிமார் அச்சியந்திரத்தைக் கொண்டு தம் சமயத்தைப் பரப்பிய காலத்தில், ஆறுமுக நாவலர் யந்திரத்தைப் பழிக்கவில்லை. 1849இலே சென்னைக்குச் சென்று அதனை வாங்கி வந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவிச் சைவ நூல்களை அச்சிட்டார். யந்திரம் எவர் கையிலிருந்து வந்தது என்பதை அவர் தடையாகக் கொள்ளவில்லை. 1990ஆம் ஆண்டு தொடங்கிக் குடாநாட்டிலே மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெயும் அருமையாகி, ஜாம் போத்தல் விளக்கிலே பிள்ளைகள் படித்த அந்த ஆண்டுகளிலே, மனுவும் கடிதமும் எழுதக் கைகொடுத்தவை மின்சாரம் வேண்டாத தட்டச்சுப் பொறிகள். வாணி விழாவிலே அவற்றின்மேலும் சந்தனம் இட்டுப் பூ வைத்தவர்களை விக்கிரகத்துக்கும் இரும்புக்கும் வேற்றுமை அறியாதவர்கள் என்று எண்ணுதல் அறியாமை. உபகாரத்தை உபகாரமாக அறிந்தவர்கள் அவர்கள்.

எஞ்சியிருப்பது, இன்று எந்தக் கிரமத்தைக் கற்பது என்னும் வினா. தட்டச்சுப் பொறி கண்ணின் வரிசையைப் பின்பற்றியது. ‘கெ’ என்பதற்குக் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் அடிக்கப்பட்டன. காகிதத்தின்மேல் எழுத்து அமர வேறு வழி இல்லாமையின் அது தகுந்ததே. உயிர்மெய்யிலே மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னுமாக நிற்கும் என்பதோ தொல்காப்பியர் துணிபு. இன்றைய யுனிகோட் எழுத்துக்களைச் சேமித்து வைப்பதும் அவ்வொலி வரிசையிலேயே. 1999இலே தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ அமைப்பும் அதனைப் பின்பற்றி, உயிர்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பகுத்து, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளியிடுகிறது. முத்தையாவின் கிரமத்திலே விரல்கள் ஊறியவர்களை இனி மாறச் சொல்லுதல் வீண் வருத்தம். அவர்கள் அவ்வழியிலேயே எழுதட்டும். இன்று தொடங்கும் பிள்ளைக்கு ஒலியின் வரிசையையே கற்பிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்பிள்ளைக்கு விலை சற்றுக் கூடினாலும் உறுதியான இயந்திரப் பலகை ஒன்றை, கொழும்பிலிருந்தேனும் வெளிநாட்டு உறவினர் மூலமேனும் தருவித்துக் கொடுத்து, பள்ளிப் படிப்பு முடியும் வரைக்கும் அதனை மாற்றாதிருக்கச் செய்தல் நன்று. விசைகளின்மேல் தமிழ் எழுத்து அச்சிடப்பட்டிருக்க வேண்டுமென்பதும் அவசியமில்லை.