சமதூரம்: குரு சீட உரையாடல்

சீடன்: சமதூரம் என்பதும் நடு என்பதும் ஒன்றா, ஐயா?

குரு: அல்ல. இரண்டு புள்ளிகளுக்கு நடு ஒன்றே. சமதூரமான இடங்களோ எண்ணற்றவை. நடுப்புள்ளியூடாகச் செங்குத்தாகச் செல்லும் கோட்டில் எங்கு நின்றாலும் இரண்டும் ஒரே தொலைவில் இருக்கும். அக்கோட்டில் அப்பாற் போகப் போக இரு தொலைவும் ஒருசேரக் கூடும். ஆகவே சமதூரம் என்றால் தொலைவுகள் ஒத்தவை என்பது மட்டுமே பொருள். அவை எவ்வளவு என்பது அதில் அடங்காது.

சீடன்: புள்ளிகள் மூன்றானால்?

குரு: ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்றுக்கும் சமதூரமான இடம் தளத்தில் ஒன்றே. அம்மூன்றின் வழியாகவும் செல்லும் வட்டத்தின் மையம் அது. இந்தியா, இலங்கை, மாலைதீவு ஆகியவற்றின் கடல் எல்லைகள் கூடும் புள்ளியை, மூன்று நாட்டுக் கரைகளுக்கும் சமதூரமானதாகவே 1976ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையறுத்தது.

சீடன்: கரை வளைந்து நெளிந்தது. எங்கிருந்து அளப்பது?

குரு: கடலின் ஒவ்வோர் இடத்துக்கும் மிக அண்மையிலுள்ள கரைமுனையிலிருந்து. எடுத்துக்காட்டாக, இலங்கையின் வடகரையிலுள்ள கீரிமலைக்கு வடக்கே உள்ள பாக்கு நீரிணையில் 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் ஆறு புள்ளிகளை இணைத்து எல்லை வகுத்தன. முதற்புள்ளி வட அகலாங்கு 10°05′, கிழக்கு நெட்டாங்கு 80°03′. அது கீரிமலை, காங்கேசன்துறைக் கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். எதிரே இந்தியாவின் கோடிக்கரையிலிருந்தும் ஏறத்தாழ அவ்வளவே.

சீடன்: கோடு முழுவதும் அவ்வாறுதானா?

குரு: இல்லை. கச்சதீவருகே அது தீவின் மேற்குக் கரைக்கு ஏறக்குறைய ஒரு மைல் அப்பால் செல்கிறது. அங்கே வரலாற்றுச் சான்றுகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. ஒரு சிறு தீவை அளவுமுனையாகக் கொள்வதா, விடுவதா என்பதைப் பொறுத்துச் சமதூரக் கோடே இடம் மாறும். அதைத் தீர்மானிப்பது கணிதமன்று, இணக்கம்.

சீடன்: தூரம் சமமானால் பங்கீடும் நீதியானதுதானே?

குரு: எப்போதும் அன்று. வடகடலில் ஜேர்மனியின் கரை உட்குழிந்தது. இருபுறமும் டென்மார்க்கும் நெதர்லாந்தும். சமதூரக் கோடுகள் ஜேர்மனியின் முன்னே ஒன்றையொன்று நெருங்கி அதன் பங்கைச் சுருக்கின. சமதூர முறை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் விதியன்று, நீதியான பங்கீடே நோக்கம் என 1969இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சீடன்: அரசியலிலும் இச்சொல்லை ஆள்கிறார்களே. பனிப்போர்க் காலத்தில் அணிசேரா நாடுகள் இரு வல்லரசுகளிடமும் சமதூரம் காத்தன என்பது சரியா?

குரு: சொல் அங்கே பொருந்தாது. 1976 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய அந்நாடுகளின் கொள்கை, வல்லரசுகளின் இராணுவக் கூட்டுகளில் சேராதிருப்பது. ஒரு விடயத்தில் ஒரு தரப்பை ஆதரிப்பதால் அது குலையாது. சமதூரம் காப்பவரோ, ஒரு தரப்பு நகர்ந்தால் தாமும் நகர வேண்டும். அவர் நிற்குமிடத்தைத் தீர்மானிப்பவர் பிறர்.

சீடன்: எனில், இச்சொல்லை எப்போது ஆளலாம்?

குரு: எவற்றிலிருந்து சமம், எந்த முனையிலிருந்து அளந்தது என்ற இரண்டையும் உடன் சொல்ல முடியும்போது.