பொய்ந்நினைவும் மெய்வாக்கும்: ‘செயின் ஆஃப் மெமரீஸ்’ சீட்டுப்போர் விளையாட்டை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கொடுத்த வாக்கைக் காப்பது அறம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தான் கொடுத்ததாக ஒருவன் உறுதியாக நினைவுகூரும் வாக்கு உண்மையில் கொடுக்கப்படாத ஒன்றாயின், அவ்வாக்கு அவனைக் கட்டுப்படுத்துமா? இவ்வினா வெறும் கற்பனை வினா போலத் தோன்றலாம். எனினும், நினைவுக்கும் கடமைக்கும் இடையிலான உறவை ஆராய்வதற்கு இது ஏற்ற உரைகல்லாகும். இவ்வினாவையே கதைக்கருவாகக் கொண்ட கணினிசார் விளையாட்டு ஒன்று 2004ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. ‘கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ்’ என்னும் அவ்விளையாட்டின் கதையமைப்பைச் சான்றாகக் கொண்டு, பொய்ந்நினைவின் மேல் எழும் கடப்பாட்டின் தன்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் அமைப்பு

‘கிங்டம் ஹார்ட்ஸ்’ வரிசையின் முதல் விளையாட்டு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக, டெட்சுயா நொமுராவின் இயக்கத்தில் ஸ்குவேர் எனிக்ஸ், ஜூபிடர் ஆகிய நிறுவனங்கள் ‘கேம்பாய் அட்வான்ஸ்’ என்னும் கையடக்கக் கருவிக்காக உருவாக்கியதே இவ்விளையாட்டு. பின்னர் 2007இல் ‘பிளேஸ்டேஷன் 2’ கருவிக்கு ஏற்ப இது மறுவாக்கம் பெற்றது.

முதல் விளையாட்டில் வாளால் நிகழ்ந்த போர் இதில் சீட்டுகளால் நிகழ்கிறது. ஒவ்வொரு சீட்டும் 0 முதல் 9 வரை ஓர் எண்மதிப்பைக் கொண்டது. உயர்ந்த மதிப்புடைய சீட்டு தாழ்ந்ததை முறிக்கும். பூச்சியச் சீட்டோ, பின்னர் இடப்படின் எதனையும் முறிக்கும். முன்னர் இடப்படின் எதனாலும் முறிபடும். மூன்று சீட்டுகளை ஒன்றிணைத்துப் பேராற்றல் பெறலாம். ஆயின் அவ்வாறு இணைக்கும்போது முதலில் வைத்த சீட்டு அப்போர் முடியும்வரை மீண்டும் கைக்கு வாராது. புதிய ஆற்றல் பெறுவதற்கு முதலில் நின்றதை இழக்க வேண்டும் என்னும் இவ்விதி, கதையில் நினைவுக்கு நேர்வதையே விளையாடுபவரின் கைகளுக்கு உணர்த்துகிறது எனக் கருத இடமுண்டு.

கதைச் சுருக்கம்

சோரா என்னும் சிறுவன் ‘மறதிக் கோட்டை’ எனப் பொருள்படும் பெயருடைய கோட்டையுள் நுழைகிறான். அவனுடைய நினைவுகளிலிருந்து எடுக்கப்பட்ட சீட்டுகளே அக்கோட்டையின் தளங்களை உலகங்களாக விரிக்கின்றன. அவன் மேலே ஏற ஏறப் பழைய நினைவுகள் அகல்கின்றன. நமினே என்னும் சிறுமியைப் பற்றிய நினைவுகள் புகுகின்றன. அவள் தன் இளமைத் தோழி என்றும், அவளைக் காப்பதாகத் தான் வாக்களித்ததாகவும் அவன் நம்புகிறான். உண்மையில் அவளை அவன் முன்பு கண்டதே இல்லை. கைரி என்னும் தோழிக்குரிய இடத்தில் நமினே வைக்கப்பட்டிருக்கிறாள். சோராவைத் தன் கைப்பாவையாக்க விழையும் மார்லூஷியா என்பவன், பிறர் நினைவுகளை மாற்றிப் பிணைக்கும் ஆற்றலுடைய நமினேயைச் சிறைப்படுத்தி இதனைச் செய்விக்கிறான். இறுதியில் நமினே தானே உண்மையைச் சோராவிடம் ஒப்புக்கொள்கிறாள்.

நினைவு சான்றா, மூலமா?

வாக்களித்தல் என்பது ஒரு செயல். அது நிகழ்ந்ததற்கு நினைவு சான்றாகலாம்; அதனைத் தோற்றுவிக்கும் மூலமாகாது. இவ்வேறுபாட்டை விளக்கக் காளிதாசரின் சாகுந்தலம் துணைசெய்யும். துஷ்யந்தன் சகுந்தலையை மணந்து, அவளை அழைத்துக்கொள்வதாக உறுதி கூறிச் செல்கிறான். துருவாசரின் சாபத்தால் அந்நினைவு அவனிடமிருந்து நீங்குகிறது. அவன் மறந்தமையால் அவ்வுறுதி இல்லாமற் போய்விட்டதாக எவரும் கொள்வதில்லை. அறியாது மறுத்தான் என அவன்மீதான பழி குறையலாம், கடப்பாடு குறைவதில்லை. மீன் வயிற்றிலிருந்து மீண்ட கணையாழி புதிய கடமை எதனையும் உண்டாக்கவில்லை. இருந்த கடமையை நினைவூட்டியது.

இதன் மறுதலையும் உண்மையாதல் வேண்டும். நினைவின் நீக்கம் வாக்கை நீக்காது எனின், நினைவின் சேர்க்கையும் வாக்கைச் சேர்க்காது. ஆகவே நமினேக்குச் சோரா கொடுத்ததாக நம்பிய வாக்கு அவனைக் கட்டுப்படுத்தவில்லை என்பதே முதற்கண் பெறப்படும் முடிவாகும்.

நியாய மரபின் கருத்தும் இங்கு நினையத்தக்கது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னம்பட்டரின் தர்க்கசங்கிரகம் அறிவை அனுபவம், நினைவு என இருவகைப்படுத்துகிறது. முன்னைய அனுபவம் விட்டுச்சென்ற பதிவிலிருந்து எழுவதே நினைவு. அவ்வனுபவம் மெய்யாயின் நினைவும் மெய், அது பொய்யாயின் நினைவும் பொய். சோராவின் நிலை இதனினும் சிக்கலானது. அவனுக்குத் தோழமை அனுபவம் உண்மையாகவே உண்டு. அது கைரியோடு நிகழ்ந்தது. அன்பு மெய், அன்பு சென்றடையும் முகம் மட்டுமே மாற்றப்பட்டது. அவன் பெருந்துன்பம் அடைவதற்குக் காரணம் இதுவே எனலாம்.

எஞ்சி நிற்கும் கடமை

உண்மை வெளிப்பட்ட பின்னும் சோரா நமினேயைக் கைவிடவில்லை. பொய் எனத் தெரிந்த பின்னும் அவளைக் காக்கவே முற்படுகிறான். இஃது ஏமாற்றத்தின் எச்சமா, அறச்செயலா என்னும் வினா எழுகிறது.

இதற்கு விடைகாண ஓர் அளவுகோலைக் கொள்ளலாம். பொய்ந்நினைவு முழுவதையும் நீக்கிய பின், அச்செயலுக்குரிய நியாயம் ஏதேனும் எஞ்சுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். சோராவுக்கு அது எஞ்சுகிறது. நமினே சிறைப்பட்டவள், தனித்தவள், வலியோரால் கருவியாக்கப்பட்டவள். அவள் இளமைத் தோழியாயினும் அயலாளாயினும் இந்நிலை மாறாது. ஆகவே உண்மை அறிந்தபின் அவன் காப்பது பழைய வாக்கை அன்று; அறிந்தே ஏற்ற புதிய வாக்கை.

ஏமாற்றினால் விளைந்த அன்பே அவனை அங்குக் கொணர்ந்தது. எனவே அச்செயலும் ஏமாற்றின் பயனே என மறுப்போர் இருக்கலாம். தூண்டுதலின் தோற்றம் வேறு, செயலின் நியாயம் வேறு என்பது அதற்கு மறுமொழியாகும். தவறான முகவரி கேட்டுச் சென்ற ஒருவன் அங்கே தீப்பற்றிய வீட்டைக் கண்டால், வழி தவறி வந்தமை உதவாமைக்குக் காரணமாகாது. மேலும், இவ்வளவுகோல் ஏமாற்றியோருக்குத் துணைபோவதும் இல்லை. மார்லூஷியா விரும்பியது சோராவின் கீழ்ப்படிதலை. பொய்யை நீக்கின் அதற்கு ஒரு நியாயமும் எஞ்சாது.

நகலின் துயரம்

இவ்வளவுகோல் கடுஞ்சோதனைக்கு உள்ளாகும் இடமும் கதையில் உண்டு. சோராவின் நண்பன் ரிக்குவைப் போலவே செய்யப்பட்ட நகல் ஒருவனுக்கும் அதே வாக்கின் நினைவு புகுத்தப்படுகிறது. சோராவிடம் பொய்யை நீக்கினால் மெய் எஞ்சுகிறது. நகலிடமோ பொய்யை நீக்கினால் யார் எஞ்சுவர்?

ஜான் லாக் 1694ஆம் ஆண்டு தம் நூலின் இரண்டாம் பதிப்பில், கடந்தகாலத்தைத் தன்னுடையதாக உணரும் தன்னுணர்வே ஒருவரின் ஒருமையை நிறுவுவது என்றார். நினைவு ஒருமைக்குச் சான்றேயன்றி அதனை ஆக்குவதன்று எனத் தாமஸ் ரீட் 1785இல் மறுத்தார். லாக்கின் வழியில் நகல் தன்னை ரிக்குவாகவே கொள்ள வேண்டியிருக்கும். ரீட்டின் வழியில், நினைவு எதுவாயினும், உருவான நாள்தொட்டுச் செயற்பட்டவன் அவனே. யாரால் படைக்கப்பட்டிருந்தாலும் அவனுள்ளம் அவனுடையதே என்னும் கருத்துப்படச் சோரா அவனிடம் பேசுவது இரண்டாம் வழிக்கு அண்மையது. எனினும் நகல் அதனை ஏற்க இயலாமல், மூலமான ரிக்குவோடு பொருது அழிகிறான். ஒருவனது தனித்தன்மையைப் பிறர் ஏற்பது மட்டும் போதாது. அவனும் ஏற்க வேண்டும் என்பது இதனாற் புலனாகிறது.

கழுவாயின் விலை

நமினே வற்புறுத்தலால் செய்தாள் எனினும் தன் செயலுக்குப் பொறுப்பேற்கிறாள். சோராவின் மெய்ந்நினைவுகளை மீட்டுத்தர அவளால் இயலும். ஆயின் மீட்டால் கோட்டையில் நிகழ்ந்தவை அனைத்தையும் அவன் மறப்பான். அவளும் மறக்கப்படுவாள். தன்னை மன்னித்த ஒருவனை இழப்பதே அவள் செய்யும் கழுவாய். சோரா தன் மெய்ந்நினைவுகளையே தேர்ந்து நெடுந்துயிலில் ஆழ்கிறான்.

இங்குக் கதை தொடங்கிய நிலை தலைகீழாகிறது. தொடக்கத்தில் நினைவு இருந்தது, வாக்கு இல்லை. முடிவில் நன்றிக்கடன் இருக்கிறது, நினைவு இல்லை. சோரா துஷ்யந்தனின் நிலையை அடைகிறான். 2005இல் வெளிவந்த ‘கிங்டம் ஹார்ட்ஸ் 2’ விளையாட்டில் அவன் கண்விழிக்கும்போது, பயணப் பதிவேட்டில் நமினேக்கு நன்றி கூறுமாறு ஒரே ஒரு தொடர் எஞ்சியிருக்கிறது. நமினே யார் என்பதை அவன் அறியான். துஷ்யந்தனுக்குக் கணையாழி எதுவோ, சோராவுக்கு அத்தொடர் அது.

முடிவுரை

நினைவு கடமைக்குச் சான்றேயன்றி மூலமன்று. ஆகவே புகுத்தப்பட்ட நினைவு கடமையை ஆக்காது, அழிக்கப்பட்ட நினைவு கடமையை நீக்காது. பொய்யின் வழியே வந்து சேர்ந்தவனும் அங்கே காணும் மெய்யான துன்பத்திற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டவனே. மாந்தர் அனைவரும் ஓரளவு பிறழ்ந்த நினைவுகளோடும் பெரிதளவு மறதியோடும் வாழ்பவர்கள். ஆதலின் நினைவை மட்டும் நம்பி அறத்தை நிறுத்த இயலாது. கணையாழியும் ஏட்டில் எழுதிய ஒற்றைத் தொடரும் மனித வாழ்வில் பெறும் இடம் இதனாலேயே பெரிதாகிறது.