கழுவாய் யாருக்கு?

1963 மார்ச் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ எழுந்து தன்னிலை விளக்கம் ஒன்றை வாசித்தார். அத்தகைய விளக்கத்துக்கு அந்தச் சபையில் பழைய மரபு ஒன்று உண்டு. உறுப்பினர் பேசும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்தபின் விவாதமும் இல்லை. சொல்பவரின் நாணயம் ஒன்றே பிணை. கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணோடு தமக்குத் தகாத தொடர்பு எதுவும் இல்லை என்றார் அவர். சபைக்கு வெளியே அப்படிப் பேசுவோர்மீது அவதூறு வழக்குத் தொடுக்கத் தயங்கமாட்டேன் என்றும் எச்சரித்தார். இரண்டரை மாதத்தில், ஜூன் 5 அன்று, சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு பதவி விலகினார். கீலருக்குச் சோவியத் கடற்படை அதிகாரி யெவ்கெனி இவானோவையும் தெரிந்திருந்ததால் நாட்டின் பாதுகாப்பு பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் சபை அவரை மன்னிக்க முடியாமல் போனதற்குக் காரணம் உறவு அல்ல, பொய்தான். சபையின் நம்பிக்கை என்றால் என்னவென்று அறியாத புதியவரும் அல்ல அவர். 1940 மே மாதம், நார்வே போர் பற்றிய விவாதத்தின் முடிவில், தம் கட்சியின் பிரதமர் சேம்பர்லினுக்கு எதிராக வாக்களித்த சிலரில் 25 வயது புரொஃப்யூமோவும் ஒருவர்.

பதவி விலகிய பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையைச் சாதாரண அரசியல் அவமானத்திலிருந்து பிரிக்கிறது. பதவியிழந்தவர்கள் பலர் சில ஆண்டு ஒதுங்கியிருந்துவிட்டு நிறுவனங்களின் இயக்குநர்களாகவோ நினைவுக்குறிப்பு எழுதுபவர்களாகவோ திரும்பி வருவார்கள். புரொஃப்யூமோ லண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பி ஹால் என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போனார். ஏழைகளோடு சேர்ந்து வாழ்ந்து பணியாற்றுவதற்காக 1884இல் தொடங்கப்பட்ட இடம் அது. பின்னாளில் பிரதமரான அட்லியும் சமூகக் காப்புத் திட்டத்துக்கு அடித்தளமிட்ட பெவரிட்ஜும் இளமையில் அங்கே வேலை பார்த்தவர்கள். முன்னாள் அமைச்சர் அங்கே பாத்திரம் கழுவுவது, கழிவறை துடைப்பது போன்ற வேலைகளில் தொடங்கினார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பிறகு நிதி திரட்டினார், நிறுவனத்தின் பொறுப்புகளை ஏற்றார். 2006இல் 91 வயதில் இறக்கும்வரை, நாற்பதாண்டுக்கு மேல், அந்த ஈடுபாடு நீடித்தது. 1963 நிகழ்ச்சிகளைப் பற்றிப் பொதுவெளியில் அவர் வாய் திறக்கவே இல்லை. 1975இல் அரசு அவருக்கு சி.பி.இ. விருது தந்தது. 1995இல் மார்கரெட் தாட்சரின் எழுபதாம் பிறந்தநாள் விருந்தில் அரசியின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். நாடு அவரை மன்னித்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

குடும்பச் சொத்து இருந்ததால்தான் சம்பளமின்றி உழைக்க முடிந்தது என்று இந்தத் தொண்டைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. அது நியாயமான குறையாகத் தோன்றவில்லை. பணம் ஓய்வையும் வாங்கித் தரும், வெளிநாட்டில் மறைவான சுகவாழ்வையும் வாங்கித் தரும். வசதியுள்ளவர் தேர்ந்துகொண்டது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும். விளம்பரத்துக்காக ஆறு மாதம் செய்யலாம். நாற்பதாண்டு செய்ய வேறு ஏதோ வேண்டும். ஆகவே அந்தக் கழுவாய் உண்மையானதே என்று ஒப்புக்கொண்டுதான் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். கழுவாய் என்பது கடனைத் தீர்ப்பது போன்றது என்றால், எந்தக் கடன்காரருக்கு அது போய்ச் சேர்ந்தது?

1963இல் புரொஃப்யூமோவின் கடன்காரர்கள் ஒருவரல்ல. சபை ஒன்று, அது அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது, அவர் உறுப்பினர் பதவியையே விட்டார், அந்தக் கணக்கு ஏறக்குறைய நேரானது. பொதுமக்கள் இன்னொருவர், டாயின்பி ஹாலின் நாற்பதாண்டு உழைப்பு அவர்களுக்குச் செலுத்தியது. மூன்றாமவர் கீலர். 1961இல் கிளிவ்டன் மாளிகையில் சந்தித்தபோது அவருக்கு வயது 19, அமைச்சருக்கு 46. உறவு இருவர் சம்மதத்தோடு நடந்தது. சிறிது காலத்தில் முடிந்தும்போனது. அங்கே அநீதி தொடங்கவில்லை. மார்ச் 22 அன்று ஓர் அமைச்சர் தம் பதவியின் முழு எடையோடு எழுந்து நின்று ‘இல்லை’ என்றபோது, உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த பெண் பொய்க்காரி ஆனார். அந்த அவதூறு வழக்கு மிரட்டல் பத்திரிகைகளை நோக்கி வீசப்பட்டதுதான். ஆனால் அது அடைக்க முயன்ற வாய் அவருடையது. ஸ்டீபன் வார்டு என்ற ஆஸ்டியோபதி மருத்துவர் நான்காமவர். இருவரையும் அறிமுகப்படுத்திய அவர் முதலில் அமைச்சரின் மறுப்புக்குத் துணைநின்றார். போலீஸ் விசாரணை தம் பக்கம் திரும்பியதும், மே மாதத்தில், அமைச்சர் சொன்னது பொய் என்று உள்துறை அமைச்சருக்கே எழுதினார். பெண்களின் பாலியல் தொழில் வருமானத்தில் வாழ்ந்ததாக அவர்மேல் வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு முன் தூக்க மாத்திரைகளை விழுங்கியவர், குற்றவாளி என்று தீர்ப்பு வந்தபோது நினைவின்றிக் கிடந்தார். ஆகஸ்ட் 3 அன்று இறந்தார்.

வார்டை விசாரித்தது போலீஸ், குற்றவாளி என்றது நீதிமன்றம், கீலரைக் கிழித்தவை பத்திரிகைகள். புரொஃப்யூமோ என்ன செய்வார் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கீலர் சிறை சென்றதும் வேறொரு வழக்கில் அவரே சொன்ன பொய்ச்சாட்சிக்காகத்தான். 1963 டிசம்பரில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதை அமைச்சரின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆனாலும் ஒரே ஆண்டில் சொல்லப்பட்ட இரண்டு பொய்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாடாளுமன்றத்தில் சொன்ன பொய்க்குப் பதவி போயிற்று. நீதிமன்றத்தில் சொன்ன பொய்க்கு ஒன்பது மாதச் சிறை. முன்னவர் செல்வமும் கல்வியும் நண்பர்களும் உடையவர். மற்றவர் நிராதரவான இளம்பெண். நேரடிக் காரணமாக இருப்பது வேறு, பங்கு இருப்பது வேறு. மறுப்பு என்ற மதிலை எழுப்பி அதன் பின்னால் நின்றவர் அவர். எறிந்த கல் மதிலுக்கு வெளியே நின்றவர்கள்மேல் விழுந்தது. எறிந்தவர் அவரல்ல என்பது அவரை முற்றாக விடுவிக்காது.

தமிழில் இதை யோசிப்பவர் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைக்காமல் இருக்க மாட்டார். அவன் இறந்ததைவிட முக்கியமானது அவன் எங்கே, யார் முன்னால் பிழையை ஏற்றான் என்பது. எதிரே கண்ணகி நின்றாள். பரலைக் கண்டவுடன், அவள் கேட்கும்படி, அவன் தன்னையே குற்றவாளி என்றான். தானமோ தொண்டோ அந்த இடத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. புரொஃப்யூமோவின் ஒப்புதலோ பிரதமருக்கு எழுதிய கடிதம். பொய்யின் நிழல் விழுந்த பெண்ணைப் பற்றி, அவர் சொன்னது உண்மைதான் என்று ஒரு வார்த்தை பொதுவெளியில் தாமாக எழுந்து சொன்னதில்லை.

அந்த மௌனத்தைக் கண்ணியம் என்று போற்றுவதே வழக்கம். பேசியிருந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார் என்றிருப்பார்கள், குடும்பத்தின் புண் மறுபடி கிளறப்பட்டிருக்கும், பத்திரிகைகளுக்குத் தீனி கிடைத்திருக்கும் என்பது மௌனத்துக்கான வலுவான வாதம். தம்மைப் பற்றிப் பேசாதிருப்பதற்கு அது முழுக்கப் பொருந்தும். இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாதிருப்பதற்குப் பொருந்தாது. அவர் வாய்மூடியிருக்க வசதி இருந்தது. கீலருக்கு அது இல்லை. தன் கதையைத் திரும்பத் திரும்பப் புத்தகமாகவும் பேட்டியாகவும் விற்றுத்தான் அவர் பிழைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் புகழைத் தேடும் பெண் என்ற பெயரே மிஞ்சியது. ஒருவரின் மௌனம் உயர உயர, மற்றவரின் பேச்சு மலிவாகத் தெரிந்தது. நினைவுக்குறிப்பு தேவையில்லை, இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை எழுதக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

2006இல் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் டாயின்பி ஹால் பெரிய இடம் பிடித்தது. கீலர் 2017 டிசம்பரில் 75 வயதில் இறந்தார். அவர்மேலிருந்த பொய்ச்சாட்சித் தண்டனைக்கு மன்னிப்பு வழங்கக் கோரி, அவர் இறந்தபின் அவருடைய மகன் மனுச் செய்தார்.